எச்-4 விசாவில் வேலை: வாசகர் கேள்வி–பதில்

என் கணவர் டல்லாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறார். அடுத்த மாதம் எச்-4 விசாவில் போகிறேன். போனதும் வேலைக்குச் சேரலாமா? அதுவரை என் சென்னை கம்பெனி வேலையை அங்கிருந்தே தொடரலாமா?
– வாசகி, தாம்பரம்

எச்-4 என்பது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா. அது மட்டும் போதாது. இ.ஏ.டி. என்கிற வேலை அனுமதி அட்டையைத் தனியாக வாங்க வேண்டும். 2015 மே 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் கிடைக்காது. கணவரின் கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் ஐ-140 மனு அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும். அல்லது, கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருப்பதால் வழக்கமான ஆறு வருட வரம்பைத் தாண்டி அவருக்கு எச்-1பி நீட்டிப்புக் கிடைத்திருக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே அவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கிருந்தபடி விண்ணப்பிக்க முடியாது. அங்கே போய் எச்-4 நிலைக்கு வந்த பிறகுதான் ஐ-765 படிவம் போடலாம். வகை எண் கேட்கும் இடத்தில் (சி)(26) என்று எழுதுங்கள். காகிதத்தில் அனுப்பினால் கட்டணம் 520 டாலர். உங்கள் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததையும், எதுவரை தங்கலாம் என்பதையும் காட்டும் பதிவு), கணவரின் ஐ-140 அப்ரூவல் நோட்டீஸ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். நம் ஊர்ச் சான்றிதழில் 'ஆர். மீனா' என்றும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு முழுப்பெயராகவும் இருப்பது சகஜம். இரண்டும் ஒருவர்தான் என்று ஒரு அஃபிடவிட்டை இங்கேயே வாங்கிப் போய்விடுங்கள். கையெழுத்து விட்டுப்போனாலும், பழைய பதிப்புப் படிவத்தில் எழுதினாலும் விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்துவிடும்.

சென்னை வேலையைத் தொடர வேண்டாம். சம்பளம் ரூபாயில் இந்திய வங்கிக் கணக்குக்கே வந்தாலும், உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம் அமெரிக்கா. அனுமதியில்லாமல் வேலை பார்த்தது பின்னாளில் கிரீன் கார்டைக்கூடப் பாதிக்கலாம்.

என் இ.ஏ.டி. முடிய ஐந்து மாதம் இருக்கிறது. ரெனியூவலுக்குப் போட்டுவிட்டால் 540 நாள் தானாக நீளும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, நியூ ஜெர்சி

நம்ப வேண்டாம், அந்தச் சலுகை போய்விட்டது. 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ போடும் ரெனியூவலுக்குத் தானியங்கி நீட்டிப்பு கிடையாது. அட்டையில் போட்டிருக்கும் தேதியோடு வேலையை நிறுத்திவிட்டு, புது அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ரசீது நோட்டீஸைக் காட்டி வேலையில் நீடிக்க முடியாது. பலருக்கு வேலை போவது இந்த இடைவெளியில்தான் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

முடிவு தேதிக்கு 180 நாள் முன்பிருந்தே போடலாம். நீங்கள் ஏற்கெனவே அந்தக் காலத்துக்குள் வந்துவிட்டீர்கள், இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எச்-4 எதுவரையோ, இ.ஏ.டி.யும் அதுவரைதான். எச்-4 காலமும் அதே தேதியில் முடிந்தால், அதை நீட்டிக்க ஐ-539 படிவமும் போட வேண்டும். அதற்குக் கணவரின் எச்-1பி நீட்டிப்பு வேண்டும். அதையும் ஆறு மாதம் முன்பே போடலாம். ஆகவே மூன்றையும் ஒரே கவரில் அனுப்பச் சொல்லி, அவர் கம்பெனி வக்கீலிடம் விடாமல் கேளுங்கள்.

இடையில் ஊருக்கு வந்து திரும்பினால், ஐ-94-ஐ இணையத்தில் எடுத்து முடிவு தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால், விமான நிலையத்தில் அந்தத் தேதி வரைக்குமே ஐ-94 கொடுத்துவிடுவார்கள். விசா ஸ்டாம்பில் இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும் செல்லுபடியாவது ஐ-94 தேதிதான். பயணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுவது நல்லது.

எச்-4-இல் இருக்கும் 19 வயது மகள் கடையில் பகுதிநேர வேலை பார்க்கலாமா?
– வாசகர், சான் ஹோசே

கூடாது. இந்த இ.ஏ.டி. கணவன் அல்லது மனைவிக்கு மட்டும்தான், பிள்ளைகளுக்கு இல்லை. மகள் படிக்கலாம், தடையில்லை. 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். படிப்பு அதற்கு மேலும் போகுமென்றால், அந்தப் பிறந்தநாளுக்குப் பல மாதம் முன்பே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் வேலையைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் தொடங்கிவிடுங்கள்.