கழுத்தை விடுங்கள், தம்பி

அன்புள்ள அண்ணனுக்கு,

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை. பள்ளி நாளிலிருந்து கபடி ஆடியவன். ஆறு மாதமாக டவுனில், கடைவீட்டு மாடியில் ஜியு-ஜிட்சு (தரையில் புரண்டு பிடிபோடும் மல்யுத்தம்) பழகுகிறேன். எடை 62 கிலோ. எப்படியோ மவுண்ட் வரை, அதாவது மல்லாந்து கிடப்பவர்மேல் ஏறி உட்காரும் நிலை வரை, வந்துவிடுகிறேன். ஆனால் பத்து விநாடிகூடத் தாங்குவதில்லை. 85 கிலோ ஆள் ஒரே தூக்கில் புரட்டி மேலே வந்துவிடுகிறார். தலையை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப்பிடித்தும் பயனில்லை. எடை போட வேண்டுமா? கைப்பலத்துக்கு என்ன பயிற்சி செய்யலாம்? கீ (ஜியு-ஜிட்சு உடை) வாங்கினால் பிடி நன்றாகக் கிடைக்குமா? (பெயர் போட வேண்டாம். மாஸ்டர் படிப்பார்.)

அன்புள்ள தம்பி,

எடை போட வேண்டாம். நாள் முழுக்கக் குலை தூக்குகிற கைக்கு நான் என்ன பயிற்சி சொல்வது? அந்த இரண்டு கேள்வியும் அதோடு போகட்டும். பத்து விநாடி என்று நொந்துகொள்ளவும் வேண்டாம். போட்டியில் மவுண்டை 3 விநாடி நிலைநிறுத்தினாலே 4 புள்ளி. ஆறே மாதத்தில் 85 கிலோ ஆள்மேல் ஏறி உட்காருகிறீர்களே, அது சின்ன விஷயமில்லை.

ஆனால் தலையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களாக வந்து மாட்டினீர்கள். கட்டிப்பிடித்தும் புரண்டுவிடுகிறேன் என்கிறீர்கள். கட்டிப்பிடிப்பதால்தான் புரள்கிறீர்கள்.

உங்களைப் புரட்டக் கீழே கிடப்பவருக்கு என்ன வேண்டும்? ஒரே பக்கத்தில் உங்கள் கையும் காலும் அகப்பட வேண்டும். கையைத் தன் மார்போடு அணைத்துக்கொள்வார். உங்கள் கணுக்காலுக்கு வெளியே தன் பாதத்தை வைத்துப் பூட்டுவார். பிறகு இடுப்பைத் தூக்கி அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகச் சாய்ப்பார். ஒரு பக்கத்துக் கால் இரண்டையும் உருவிய நாற்காலி எப்படி நிற்கும்? கையோ காலோ ஒன்று வெளியே இருந்தாலும் ஊன்றித் தப்பலாம். நீங்களோ, அவர் தேடிப் பிடிக்கவேண்டிய கையை நீங்களே அவர் கழுத்துக்கடியில் கொண்டுபோய் வைத்து, இன்னொரு கையால் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுக்கிறீர்கள். கால் ஒன்றுதான் பாக்கி. 62 கிலோவானாலும் 100 கிலோவானாலும் இதில் புரளத்தான் வேண்டும்.

இது கபடி கொடுத்த பழக்கம். கபடியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அங்கே பாடி வருகிறவனுக்கு 30 விநாடி, போகவேண்டியது நடுக்கோட்டுப் பக்கம் மட்டும். தொடையைக் கட்டிக்கொண்டு தொங்கினால் மற்றவர்கள் வந்து மேலே விழுவார்கள். அந்த ஆட்டத்துக்கு அது சரி. ஜியு-ஜிட்சு மேட்டில் (மெத்தை விரிப்பில்) கோடும் இல்லை, கூட விழ ஆளும் இல்லை. இறுக்க இறுக்க நீங்கள் அவர் உடம்போடு ஒட்டிய மூட்டையாகிவிடுகிறீர்கள். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே போகவேண்டியதுதான். போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம். ஐந்து நிமிடத்தில் கழுத்தெல்லாம் வியர்வையில் வழுக்கும், உங்கள் முன்கை கல்லாகிப்போகும்.

ஜூடோவில் அழுத்திப் பிடிப்பதே ஒரு வெற்றி. 20 விநாடி பிடித்தால் இப்போன், ஆட்டம் முடிந்தது. கெசா-கதாமே என்று, பக்கவாட்டில் உட்கார்ந்து அழுத்தும் பிடியில் அவர்களும் தலையைச் சுற்றிக் கை போடத்தான் செய்கிறார்கள். ஆனால் பிடியின் உயிர் மற்றக் கையில் இருக்கிறது. எதிராளியின் பக்கத்துக் கையை இழுத்துத் தங்கள் அக்குளில் இடுக்கிக்கொள்கிறார்கள். விலாவில் பாரத்தைப் போட்டு, கால்களை அகல விரித்து, அவர் இடுப்பு நகர நகரத் தாங்களும் நகர்கிறார்கள். இடுக்கிய கை உருவிப்போனால் அவர் திரும்பி முழங்காலுக்கு எழுந்துவிடுவார். தலையை மட்டும் நம்பிக் கிடப்பவரை, கீழே இருப்பவர் இடுப்போடு சேர்த்துக் கட்டி மறுபக்கம் உருட்டிவிடுவார். அங்கேயும் இதே கதைதான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். தலையைப் பிடித்து நெரிப்பதில் உங்களோடு பழகுகிறவரின் தாடையும் கழுத்தும் போகும். காலையில் வேலைக்குப் போகிற மனிதர் அவர். கைப்பிடி வேண்டுமானால் பஸ்ஸில் இருக்கிறது.

சரி, கை எங்கே இருக்க வேண்டும்? இடக்கை அவர் தலைக்கடியில் போகலாம், ஆனால் பூட்டாமல். இடத்தோள் அவர் தாடையை அழுத்தி முகத்தை மறுபக்கம் திருப்பட்டும். முகம் போன பக்கம்தான் அவரால் பலமாக எம்ப முடியும். அங்கே உங்கள் வலக்கை அகலமாக, உள்ளங்கை மேட்டில் பதிய, முழங்கை சற்று மடங்கிக் காத்திருக்க வேண்டும். நீட்டி விறைத்து ஊன்றினால் 85 கிலோவும் மூட்டில் இறங்கும். மாறி இடப்பக்கம் எம்பினால் இடக்கையை உருவி அங்கே ஊன்றுங்கள். பூட்டாதே என்பது இதற்குத்தான். குதிகால்களை அவர் தொடைக்கடியில் சொருகிவையுங்கள், பூட்டக் கணுக்கால் அகப்படாது. அவர் குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுத்தால் அடுத்து தூக்கு வருகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இறுக்காதீர்கள். முழங்காலை விரித்து, தூக்கோடு எழுந்து, அவர் இறங்கும்போது கூடவே இறங்குங்கள்.

இறங்கும்போது ஒரு சாண் மேலே நகர்ந்துவிடுங்கள். அவர் பலம் இடுப்பில்தான், நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு தூக்கும் உங்களுக்குத்தான். விரல்களால் மேட்டில் நடந்து அவர் முழங்கையை மேலே தள்ளி, திறந்த இடத்தில் உங்கள் முழங்காலை வையுங்கள். இரண்டு முழங்காலும் அக்குளுக்கு வந்துவிட்டால் அவர் தூக்குவது வெறும் காற்றை. 62 கிலோவுக்கு ஏற்ற இடம் அதுதான். அங்கே அவர் பக்கவாட்டில் திரும்பினால் தடுக்காதீர்கள். அவர் முதுகுப் பக்கத்து முழங்காலைத் தலைக்குப் பின்னால் ஏற்றி, மற்றக் காலின் பாதத்தை ஊன்றிக் குதிகாலை அவர் வயிற்றோடு ஒட்டிவையுங்கள். முதுகு உங்களுக்குக் கிடைக்கும்.

மாஸ்டரிடம் கேட்டு இதைச் செய்து பாருங்கள். மவுண்டில் தொடங்கி 2 நிமிடச் சுற்று, மூன்று முறை. உங்கள் கை மேட்டை மட்டுமே தொடலாம், அவர் உடம்பைத் தொடக்கூடாது. முதல் சுற்றில் அவர் கால்வாசிப் பலம் போடட்டும், இரண்டாவதில் அரைப்பலம், மூன்றாவதில் முழுப்பலம். முதல் வாரம் புரண்டுகொண்டே இருப்பீர்கள். பரவாயில்லை. இரண்டாவது வாரம் ஒரு கையை மட்டும் தலைக்கடியில் அனுமதியுங்கள்.

கீ கேட்டீர்கள். வாங்காதீர்கள், இப்போதைக்கு. காலர் கையில் கிடைத்தால் அதையும் இரண்டு கையால் பிடித்துத் தொங்குவீர்கள்.