அதட்டுகிறவருக்கு முதலில் கட்டாதீர்கள்

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பீன்யா கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்க்கிறேன், கைக்கு 12,500 வருகிறது. கணவருக்குப் பெயிண்ட் வேலை, சராசரி 11,500. வாடகை, மளிகை, பள்ளி எல்லாம் சேர்த்து 14,500 போகிறது. கணவருக்குக் கால் முறிந்தபோது தனியார் ஆஸ்பத்திரிக்காக வாங்க ஆரம்பித்த கடன் இது. இப்போது மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்கள் பெண்கள் குழுவுக்குத் தரும் சங்கக் கடன் மூன்று (பாக்கி 1,10,000, மாதம் 6,700), வட்டிக்காரரிடம் 30,000 (பத்து வட்டி), சேட்டுக் கடையில் 2 பவுன் சங்கிலி 45,000-க்கு (ரெண்டு வட்டி), மொபைல் ஆப்களில் 14,000, போன் தவணை 1,650 இன்னும் 6 மாதம். பேசாமல் மஞ்சள் கடிதம் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மஞ்சள் கடிதம் என்பது நோட்டீஸ் அனுப்பியதும் முடிந்துபோகிற காரியமில்லை. நீதிமன்றத்தில் திவால் மனு போட்டு, அதை நீதிபதி ஏற்க வேண்டும். அடகில் இருக்கும் நகை அதனால் திரும்பி வராது. உங்கள் கணக்கு அவ்வளவு தூரம் போகவும் இல்லை.

செலவு போக உங்களிடம் மிஞ்சுவது 9,500. சங்கம் 6,700, வட்டிக்காரருக்கு 3,000, சேட்டுக்கு 900, போன் 1,650 என்று கட்ட வேண்டியது 12,250. மாதம் 2,750 துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத்தான் ஆப் கடன் வாங்கி அடைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இந்த ஓட்டையை அடைக்காமல் எந்தக் கடனைக் கட்டினாலும் அடுத்த மாதம் இன்னொன்று முளைக்கும்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, வாசலில் வந்து யார் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுவது. வாடகையும் அரிசியும் போக மீதியை எந்தக் கடன் அதிகம் தின்கிறது என்று பார்த்துக் கட்ட வேண்டும். பத்து வட்டிக்காரருக்கு வருடம் முழுக்கக் கட்டினால் 36,000 போயிருக்கும், அசல் 30,000 அப்படியே நிற்கும். உங்கள் வீட்டில் முதலில் முடிய வேண்டியது அதுவும் ஆப்பும்தான்.

அதற்கு வழி உங்கள் சங்கிலியிலேயே இருக்கிறது. 2 பவுன் 16 கிராம். கிராம் 8,000 என்று குறைத்து வைத்தாலும் 1,28,000 ஆகும். இதில் 75 சதவீதம் வங்கி தந்தால் 96,000. சேட்டு 45,000, வட்டிக்காரர் 30,000, ஆப் 14,000, மூன்றும் சேர்ந்து 89,000தான். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் அதற்கு மாத வட்டி சுமார் 742. இப்போது சேட்டுக்கு மட்டுமே 900 கட்டுகிறீர்கள். மாற்றிவிட்டால் மாதம் கட்ட வேண்டியது 9,092, மிஞ்சும் 9,500-க்குள் அடங்கிவிடும்.

சிக்கல் ஒன்று உண்டு: சேட்டிடமிருந்து நகையை மீட்க 45,000 முன்பணம் வேண்டும். அடகுக் கடைக்கு நேரே பணம் கட்டி நகையை மாற்றி எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன, விசாரியுங்கள். இல்லையென்றால் உறவினரிடம் இரண்டு நாள் கைமாற்று. இதற்காக மறுபடி வட்டிக்காரரிடம் போகவே போகாதீர்கள். வங்கி எடை போடும்போது கல், அழுக்கு கழிப்பார்கள், 22 காரட் இல்லையென்றால் தொகை குறையும். அதனால் அடகுச் சீட்டில் எழுதிய எடையை வைத்து முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நகைக் கடனில் வட்டியைச் சேரவிடாமல் மாதாமாதம் கட்டுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று விட்டவர்களின் நகைதான் ஏலத்துக்குப் போகிறது.

வட்டிக்காரரிடம் கையெழுத்திட்ட வெற்றுச் செக்கோ ஸ்டாம்ப் பேப்பரோ கொடுத்திருந்தால், கடைசிப் பணத்தை நீட்டும் அதே நேரத்தில் அவற்றைத் திரும்ப வாங்குங்கள், ‘பாக்கி இல்லை’ என்று எழுதியும் வாங்குங்கள். பிறகு தருகிறேன் என்பதை ஏற்காதீர்கள். அந்தச் செக் திரும்பினால் அது குற்ற வழக்கு. நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். செக் விவகாரம் இல்லாத வெறும் பாக்கி சிவில் விஷயம், குற்ற வழக்கு இல்லை.

வட்டிக்காரர் மிரட்டினால் போலீஸுக்கு 112. பதிவில்லாமல் வட்டிக்கு விடுபவர்கள் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் கர்நாடகம் கொண்டுவந்த சட்டத்தில் 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் உண்டு. அவர்களிடம் எளிய மக்கள் வாங்கிய கடனே தள்ளுபடியாவதற்கும் அதில் இடமிருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே இலவசச் சட்ட உதவியில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. எண் 15100.

சங்கக் கடனை நிறுத்த வேண்டாம், தவணை தவறினால் குழுவில் மற்றவர்கள் உங்கள் வாசலில் உட்கார வேண்டியிருக்கும். ஒரு மாதம் முடியாது என்று தெரிந்தால் தவணை நாளுக்கு முன்பே கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, கால நீட்டிப்புக் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். கட்ட முடியாமல் தவிப்பவர்களை அடையாளம் கண்டு வழிகாட்டும் ஏற்பாடு நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதி. வசூலுக்குக் காலை 9-க்கு முன்போ மாலை 6-க்குப் பின்போ அழைக்கக் கூடாது. வசூல் இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராதபோதுதான் வீட்டுக்கு வரலாம். மீறினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார், 30 நாளில் பதிலில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், எண் 14448. கட்டணம் இல்லை. நான்காவது சங்கக் கடன் தருகிறேன் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். குடும்பக் கடன் தவணை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. உங்களுக்குப் பாதி 12,000, நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். வட்டிக்காரர் கடன் எந்த கிரெடிட் ரிப்போர்ட்டிலும் வராததால் கடன் தர வருபவர்களுக்கு அது தெரியாது.

ஆப் கடனை அடைத்தபின் ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து ஆப்பை நீக்குங்கள். போட்டோவை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டினால் பணம் அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா பாருங்கள். பிடித்தால் கணவரின் வைத்தியமும் அதில் அடங்கும், அடுத்த ஆஸ்பத்திரிச் செலவு கடனாக மாற வேண்டியதில்லை. கர்நாடக அரசு குடும்பத் தலைவிக்கு மாதம் தரும் கிருஹலட்சுமி 2,000 வரவில்லை என்றால் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி நீங்கள்தானா என்று சரிபார்த்து விண்ணப்பியுங்கள். ஆறு மாதத்தில் போன் தவணை முடிந்ததும் அந்த 1,650-ஐ வேறெதிலும் கரையவிடாமல் நகைக் கடனின் அசலில் கட்டுங்கள். ரசீதில் ‘அசல்’ என்று தனியாக வரவு வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு கவுன்டரை விட்டு நகருங்கள்.