எர்பகான் ஹோஜா: கேட்டவற்றுக்குப் பதில்கள்

துருக்கிக் குடியரசுத் தலைவர் எர்டோகனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எர்பகான் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. அவர் யார், என்ன செய்தார் என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், சுருக்கமா சொல்லுங்க. யார் இந்த நெஜ்மெத்தின் எர்பகான்?

துருக்கியில் மதப்பற்றுள்ள வாக்காளர்களுக்கென்று தனிக் கட்சி கட்டி, அதை ஆட்சிக் கட்டில் வரை கொண்டுபோன முதல் ஆள். 1926 அக்டோபர் 29-ல் கருங்கடல் ஓரத்து சினோப் நகரில் பிறந்தார். அப்பா நீதிபதி. எர்பகானின் கட்சிகளை ராணுவமும் நீதிமன்றமும் மாறி மாறி மூடின. அவரும் சளைக்காமல் அடுத்த பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டே இருந்தார். 1996 ஜூன் 28 முதல் 1997 ஜூன் 30 வரை பிரதமர். 2011 பிப்ரவரி 27-ல் அங்காராவில் காலமானார். என் கணிப்பில், ஆட்சி நடத்துவதில் அவர் சுமார், ஆள் திரட்டுவதில் அசகாய சூரர்.

கேள்வி: ஹோஜா என்கிறார்களே, மதரஸாவில் ஓதி வந்தவரா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். அவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1948-ல் பட்டம் வாங்கி, ஜெர்மனியின் ஆகன் நகரில் ஆராய்ச்சி முடித்து, திரும்பி வந்து அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். மாணவன் வாத்தியாரைக் கூப்பிடுகிற அதே ஹோஜாதான் கட்சிக்காரன் வாயிலும் நிலைத்தது.

மதப் பக்கம் அவருக்கு வழிகாட்டி, இஸ்தான்புல் இஸ்கெந்தர்பாஷா பள்ளிவாசலில் இருந்த, நக்‌ஷபந்தி என்ற சூஃபி மரபின் ஷேக் மெஹ்மெத் ஸாஹித் கொட்கு. துருக்கி சொந்தமாக மோட்டார் செய்ய வேண்டும் என்பதில் அந்த ஷேக்குக்கும் ஆர்வம் உண்டு. 1956-ல் எர்பகான் ஆரம்பித்த கும்யுஷ் மோட்டார் கம்பெனி, விவசாயிகளுக்கான டீசல் நீர் இறைக்கும் எஞ்சின்களைச் செய்தது. பிற்பாடு அது கரும்புக்குப் பதில் அங்கே சர்க்கரைக்காக பீட்ரூட் விளைவிக்கும் விவசாயிகளின் கூட்டுறவு கைக்குப் போய், பஞ்சார் மோட்டார் என்று பெயர் மாறியது.

கேள்வி: லெப்பர்டு டாங்கியின் எஞ்சினை வடிவமைத்ததே இவர்தான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

தொண்டர்கள் ஊதிப் பெரிதாக்கிய கதை. ஜெர்மனியில் டாய்ட்ஸ் எஞ்சின் கம்பெனியில் அவர் வேலை பார்த்தது நிஜம். ஆனால் லெப்பர்டு 1 டாங்கியில் கடைசியில் ஏறியது டாய்ட்ஸ் எஞ்சினே இல்லை. டைம்லர்-பென்ஸ் வழி வந்த எஞ்சின். நல்ல இன்ஜினியர் என்று சொன்னாலே போதும், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: வாத்தியார் வேலையை விட்டு அரசியலுக்கு ஏன் வந்தார்?

வந்ததற்குப் பாதிக் காரணம் அப்போதைய பிரதமர் சுலைமான் டெமிரெல். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் படித்தவர்கள். 1969-ல் எர்பகான் துருக்கி வணிக, தொழில் சபைகளின் கூட்டமைப்புக்குத் தலைவராக ஜெயித்தார். இஸ்தான்புல், இஸ்மிர் பெருமுதலாளிகளுக்கே இறக்குமதி ஒதுக்கீடும் கடனும் போகின்றன, அனடோலியாவின் சின்ன ஊர் வியாபாரிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்பது அவர் வாதம். டெமிரெல் அரசு அந்தத் தேர்தலையே செல்லாது என்று சொல்லி, போலீஸை வைத்து அவரை அலுவலகத்தை விட்டு வெளியேற்றியது. அதே வருடம் டெமிரெலின் கட்சியில் சீட்டு கேட்டார், கிடைக்கவில்லை. கொன்யாவில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார்.

மறுவருடம் தேசிய ஒழுங்குக் கட்சி. 1971-ல் ராணுவம் தலையிட்டதும் நீதிமன்றம் அதை மூடியது. 1972-ல் தேசிய மீட்புக் கட்சி. அவருடைய இயக்கத்துக்கு மில்லி கோருஷ், அதாவது தேசியப் பார்வை என்று பெயர். தொழுகையைப் பேசிய அளவுக்குத் தொழிற்சாலையையும் பேசியவர் என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரக் கூடாது என்பதற்கு அவர்கள் வைத்த கோஷம்: "அவர்கள் கூட்டாளி, நாம் சந்தை."

கேள்வி: இடதுசாரி எஜெவிட்டோடு கூட்டணி வைத்தாராமே? எண்ணெயும் தண்ணியும் ஆச்சே!

1973 தேர்தலில் எர்பகானுக்கு 48 இடம். அவரைச் சேர்க்காமல் ஆட்சி அமைக்க முடியாத நிலை. 1974 ஜனவரியில் புலென்ட் எஜெவிட் பிரதமர், எர்பகான் துணைப் பிரதமர். ஜூலை 20-ல் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கியது அந்த ஆட்சியில்தான். எஜெவிட்டுக்கு நாயகன் பட்டம். எர்பகானோ இன்னும் முன்னேறிப் போயிருக்கலாம் என்றார். வெற்றி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையிலேயே கூட்டணி கசந்தது. தேர்தல் வைத்தால் தனிப் பெரும்பான்மை கிடைக்கும் என்று நம்பி செப்டம்பரில் எஜெவிட் ராஜினாமா செய்தார். தேர்தல் வரவில்லை. டெமிரெல், எர்பகானையும் தீவிர தேசியவாதி துர்கெஷையும் சேர்த்துக்கொண்டு 1975-ல் ஆட்சி அமைத்துவிட்டார். சீட்டு கொடுக்காத அதே டெமிரெல்!

கேள்வி: 1980 ராணுவப் புரட்சிக்கு இவரும் ஒரு காரணம் என்பது சரியா?

ஒரு சாக்கு என்று சொல்லுங்கள். தெருவில் இடதும் வலதும் சுட்டுக்கொண்டு செத்துக்கொண்டிருந்த காலம், அதுதான் பெரிய காரணம். செப்டம்பர் 6-ல் கொன்யாவில் எர்பகான் கட்சி நடத்திய ஜெருசலேம் பேரணியில் ஒரு கூட்டம் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க மறுத்தது. ஆறே நாளில் ராணுவத் தலைமைத் தளபதி கெனான் எவ்ரென் ஆட்சியைப் பிடித்தபோது அந்தப் பேரணியைச் சுட்டிக்காட்டினார். எர்பகானுக்குக் காவல், ராணுவ நீதிமன்ற வழக்கு, கடைசியில் விடுதலை. அரசியல் தடை மட்டும் 1987 செப்டம்பர் பொதுவாக்கெடுப்பு வரை நீடித்தது. தடையை நீக்கலாம் என்ற தரப்பு 50 சதவீதத்தை மயிரிழையில்தான் தாண்டியது.

கேள்வி: பிறகு முதலிடத்துக்கு எப்படி வந்தார் அண்ணா? மதத்தைச் சொல்லியே ஓட்டு வாங்கினாரா?

மதம் மட்டும் போதும் என்றால் 1970-களிலேயே வந்திருப்பார். அப்போது அதிகபட்சம் சுமார் 12 சதவீதம்தான். இடையில் மாறியது நகரம். கிராமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் இஸ்தான்புல், அங்காரா ஓரங்களில் வந்து, ஒரே ராத்திரியில் எழுப்பிய வீடுகளில் குடியேறினார்கள். தண்ணீர் இல்லை, குப்பை அள்ள ஆளில்லை, விலைவாசி எகிறுகிறது. 1983-ல் தொடங்கிய ரெஃபா, அதாவது நலக் கட்சி, அங்கே போய் உட்கார்ந்தது. தெருவுக்குத் தெரு பொறுப்பாளர். எந்த வீட்டில் கல்யாணம், எங்கே சாவு, யாருக்கு வேலை போச்சு, எல்லாம் அவர் விரல் நுனியில். நிலக்கரி மூட்டையும் உணவுப் பொருளும் அந்தந்த வீட்டு வாசலுக்குப் போகும்.

இதில் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு பெண்களுடையது. ஆண் தொண்டன் வாசலில் நிற்க வேண்டிய வீட்டில், தலைத்துணி கட்டிய பெண் அடுக்களை வரை போய்த் தேநீர் குடித்துக்கொண்டே ஓட்டு கேட்பாள். அப்படி உழைத்தவர்களில் ஒருவரைக்கூட அந்தக் கட்சி நாடாளுமன்றத்துக்கு அனுப்பவில்லை. எர்பகானிடம் எனக்குள்ள பெரிய வருத்தங்களில் இது ஒன்று.

1994 உள்ளாட்சித் தேர்தலில் இஸ்தான்புல், அங்காரா இரண்டும் ரெஃபா கையில். இஸ்தான்புல் மேயர் யார் என்று சொல்லத் தேவையில்லை: எர்டோகன், சுமார் 25 சதவீத வாக்கில். எதிரணி ஓட்டு சிதறியதும் உதவியது. 1995 டிசம்பரில் 21.4 சதவீதம், 550-ல் 158 இடம், நாட்டிலேயே முதல் கட்சி.

கேள்வி: தான்சு சில்லர் இவரை எதிர்த்துதானே பிரசாரம் செய்தார்? எப்படிக் கூட்டு சேர்ந்தார்கள்?

முந்தைய பிரதமர் சில்லர் மீது ஊழல் விசாரணை வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததே ரெஃபா. "இவர்கள் வராமல் தடுக்க நான்தான் ஒரே வழி" என்கிற தோரணையில் ஓட்டு கேட்டவர் சில்லர். 1996 ஜூனில் இருவரும் கைகோத்தார்கள். முதலில் எர்பகான் பிரதமர், பிறகு சில்லர் என்று ஒப்பந்தம். விசாரணைத் தீர்மானங்கள் ரெஃபா ஓட்டிலேயே கரைந்துபோயின. யோக்கியமான அரசு என்று பேசி வந்தவர்களுக்கு அது நல்ல ஆரம்பம் இல்லை.

கேள்வி: பிரதமராக உருப்படியாக ஏதாவது செய்தாரா?

செய்தார். அரசு ஊழியர் சம்பளத்தை 50 சதவீதம் ஏற்றினார். அரசு நிறுவனங்களின் பணத்தையெல்லாம் ஒரே குளத்தில் விட்டு, ஒன்று இன்னொன்றிடம் வாங்கிக்கொள்ளட்டும், வங்கிக்கு வட்டி கட்ட வேண்டாம் என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். ஈரானோடு பெரிய எரிவாயு ஒப்பந்தம். 1997 ஜூன் 15-ல் இஸ்தான்புல்லில் எட்டு முஸ்லிம் நாடுகளைக் கூட்டி டி-8 அமைப்பைத் தொடங்கினார்: துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வங்கதேசம், மலேசியா, இந்தோனேசியா, எகிப்து, நைஜீரியா. மூன்றே நாளில் ராஜினாமா.

சறுக்கியதும் உண்டு. 1996 அக்டோபரில் லிபியா போனார். துருக்கி கட்டுமான கம்பெனிகளுக்கு வர வேண்டிய பாக்கியை வாங்குவதும் ஒரு நோக்கம். கடாஃபி தன் கூடாரத்தில் உட்காரவைத்து, கேமராக்களுக்கு முன்னாலேயே குர்துகளுக்குத் தனிநாடு வேண்டும் என்று பேசினார். பக்கத்தில் துருக்கிப் பிரதமர் முகம் இறுகி உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குத் திரும்பினால் பத்திரிகைகள் கிழித்து எடுத்தன.

இஸ்ரேலைத் திட்டியே வளர்ந்தவர் ஆட்சியில்தான் எஃப்-4 போர் விமானங்களைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் இஸ்ரேலுக்குப் போனது. ராணுவம் நீட்டிய காகிதம், இவர் மறுக்கவில்லை.

கேள்வி: பிப்ரவரி 28 என்கிறார்கள். புரட்சி நடந்ததா இல்லையா? குழப்பமாக இருக்கிறது.

டாங்கி வந்தது, ஆனால் நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1997 ஜனவரியில், ரமலான் மாதம், பிரதமர் இல்லத்தில் எர்பகான் மதப் பிரிவுத் தலைவர்களுக்கு விருந்து வைத்தார். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்தவர்கள் காரிலிருந்து இறங்கும் படங்களைப் பார்த்து மதச்சார்பற்ற துருக்கி கொதித்தது. அங்காரா அருகே சிஞ்சான் நகரில் ரெஃபா மேயர், ஜெருசலேம் இரவு என்று ஒரு நிகழ்ச்சி நடத்தி, ஈரான் தூதரைப் பேசவிட்டார். பிப்ரவரி 4 காலையில் அதே சிஞ்சானின் கடைத்தெரு வழியாக டாங்கிகள் வரிசையாக ஓடின. பயிற்சிக்குப் போகிறோம் என்றது ராணுவம். ஜனநாயகத்துக்கு பேலன்ஸ் சரிபார்த்தோம் என்று பிற்பாடு தளபதி செவிக் பிர் சொன்னது, டயர் கடைக்காரர் பேச்சு மாதிரி இருந்ததால் ஊர் பூராவும் பரவியது.

பிப்ரவரி 28-ல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் கூடியது. ஒரு பக்கம் அமைச்சர்கள், எதிரில் தளபதிகள், நடுவில் தலைமை தாங்குபவர் குடியரசுத் தலைவர். அவர் யார்? டெமிரெல்! மணிக்கணக்கில் நடந்த கூட்டத்தின் முடிவில் 18 அம்சப் பட்டியல். எட்டாண்டுக் கட்டாயக் கல்வி அதில் முக்கியம். அதன்படி, இமாம்களை உருவாக்கும் இமாம்-ஹதிப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகள் மூடப்படும். தன் தொண்டர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளையே மூடச் சொல்லும் காகிதத்தில் எர்பகான் சில நாள் இழுத்தடித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு அவர் நாற்காலியில் இருந்தார் என்பதோடு சரி. ஜூன் 18-ல் ராஜினாமா செய்தபோது, ஒப்பந்தப்படி சில்லர் பிரதமராவார் என்று எதிர்பார்த்தார். டெமிரெல் கூப்பிட்டது எதிரணித் தலைவர் மெசுத் யில்மாஸை.

புரட்சியா என்று கேட்டால், ஆம் என்பேன். 2018-ல் துருக்கி நீதிமன்றமும் செவிக் பிர் உள்ளிட்டோருக்கு இதற்காக ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த நேரம் எர்டோகன் ஆட்சி என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: நீங்க ரொம்ப வெள்ளையடிக்கிறீங்க. யூத வெறுப்பைப் பரப்பினவர் இவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

நியாயமான கேள்வி. உலகத்தையே சியோனிசம் ரகசியமாக ஆட்டிவைக்கிறது என்று கடைசி வரை மேடை மேடையாகப் பேசினார். இஸ்ரேல் அரசு மீதான விமர்சனம் என்று அதற்குச் சாக்கு சொல்ல முடியாது. பச்சையான சதிக் கதை. 1994-ல், தாங்கள் சொல்லும் நீதியான ஒழுங்கு எப்படியும் வரும், இனிமையாக வருமா ரத்தத்தோடு வருமா என்பதுதான் கேள்வி என்கிற பொருளில் பேசியதும் பதிவில் இருக்கிறது. அந்தப் பேச்சு 1998 ஜனவரியில் கட்சியை மூடிய வழக்கில் அவருக்கு எதிராகவே வந்து நின்றது. அவருக்கு ஐந்தாண்டு அரசியல் தடையும் விழுந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2003-ல் பெரிய அமர்வு, மூடியது தவறில்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

நாட்டின் முதல் கட்சியை மூடியதை நான் இன்னும் ஏற்கவில்லை. அதற்காக அந்தப் பேச்சுகளை நல்ல பேச்சு என்று சொல்லவும் மாட்டேன்.

கேள்வி: எர்டோகன் குருவுக்குத் துரோகம் செய்தாரா?

தன் மகனுக்கு நெஜ்மெத்தின் பிலால் என்று பெயர் வைத்தவர் எர்டோகன். அவ்வளவு பக்தி இருந்தது. ரெஃபாவுக்குப் பின் வந்த நற்பண்புக் கட்சியில், தடையில் இருந்த எர்பகான் பின்னாலிருந்து ஆட்டிவைக்க, ரெஜாயி குத்தான் தலைவராக இருந்தார். 2000 மே மாநாட்டில் இளையவர்கள் அணியின் அப்துல்லா குல் அவரை எதிர்த்து நின்று 521 வாக்கு வாங்கினார், குத்தானுக்கு 633. பெரியவரின் ஆளை எதிர்த்து அத்தனை வாக்கு என்பது பூகம்பம். 2001-ல் அந்தக் கட்சியும் மூடப்பட்டதும் இரண்டாகப் பிரிந்தார்கள். மூத்தவர்கள் சாதெத் கட்சி, எர்டோகன் தலைமையில் இளையவர்கள் ஏ.கே. கட்சி. 2002 தேர்தலில் ஏ.கே.வுக்கு 34 சதவீதம், சாதெத்துக்கு இரண்டரை.

துரோகம் என்று எர்பகான் சொன்னார். சியோனிசத்தின் கருவி என்றுகூடத் திட்டினார். என் பார்வையில், பிள்ளைகள் அவரிடமிருந்து தெருவேலையை எடுத்துக்கொண்டார்கள், ஐரோப்பாவையும் ராணுவத்தையும் ஒரே நேரத்தில் பகைக்கும் பழக்கத்தை விட்டார்கள். கேட்டிருந்தால் அவர் அனுமதி கொடுத்திருக்க மாட்டார்.

கேள்வி: பண மோசடி வழக்கில் தண்டனை என்பது?

காணாமல் போன டிரில்லியன் வழக்கு. மூடப்பட்ட ரெஃபாவுக்கு வந்த அரசு நிதியைக் கருவூலத்தில் திருப்பிக் கட்டாமல், போலி ரசீதுகளால் செலவுக் கணக்கு காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. இரண்டு வருடம் நான்கு மாதம் தண்டனை. வயதையும் உடல்நிலையையும் கருதி வீட்டுக்காவல். 2008-ல் மன்னித்தது குடியரசுத் தலைவர் குல், அதே அப்துல்லா குல்.

கேள்வி: இறுதி ஊர்வலத்துக்கு அரசு மரியாதை வேண்டாம் என்றாராமே?

ஆம், அது அவர் விருப்பம். இஸ்தான்புல் ஃபாதிஹ் பள்ளிவாசலில் தொழுகை, மெர்கெஸ்எஃபெந்தியில் அடக்கம். எர்டோகனும் குல்லும் வந்திருந்தார்கள்.

கேள்வி: மகன் ஃபாதிஹ் எர்பகான் தேறுவாரா?

2018-ல் புதிய ரெஃபா என்ற பெயரில் கட்சி தொடங்கினார். 2023-ல் எர்டோகன் கூட்டணியில் இருந்து ஐந்து இடம். 2024 உள்ளாட்சித் தேர்தலுக்கு விலகி நின்று, காசாவில் போர் நடக்கும்போது இஸ்ரேலோடு இன்னும் வியாபாரம் நடக்கிறதே என்று ஊர் ஊராகக் கேட்டார். ஆறு சதவீதத்துக்கு மேல் வாக்கு; ஷான்லிஉர்ஃபா, யோஸ்காத் ஆகிய இரண்டு நகர மேயர் பதவிகளும் ஏ.கே.விடமிருந்து அவர் கைக்கு வந்தன. தேர்தல் முடிந்த சில வாரங்களில் அரசு இஸ்ரேல் வியாபாரத்தை நிறுத்தியது. அப்பாவின் பேச்சுத் திறமை அவருக்கு இல்லை. பெயரும், எர்டோகன் மீது அலுத்துப்போன பழைய தொண்டர்களும் இருக்கிறார்கள். அடுத்த பொதுத் தேர்தலில் யார் பக்கம் சேர்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றது.