அரபு மீம்களில் சிரிப்பு எங்கே பிறக்கிறது? – கேள்வி பதில்

திருச்சி வாசகர்: ஐயா, அரபு மீம்களில் சிரிப்பு வருவது சொல்லாலா, படத்தாலா?

பதில்: இரண்டும் உரசும் இடத்தில். 2011இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில், அதிபர் முபாரக்கைப் பார்த்து ஒருவர் தூக்கிப் பிடித்த அட்டை இது: "இர்ஹல், எனக்குக் கை வலிக்கிறது." இர்ஹல் என்றால் வெளியேறு. சதுக்கமே முழங்கிய அந்தக் கட்டளை, ஃபுஸ்ஹா எனப்படும் ஏட்டு அரபு. அதன் பின்னால் வருவது எகிப்தியர் வீட்டில் பேசும் பேச்சு. முழக்கமாகத் தொடங்கியது ஒரே வரியில் முனகலாக இறங்கிவிடுகிறது! உயர்த்திய கை கண்ணில் படாவிட்டால் அந்த வரிக்கு உயிரே இல்லை. முப்பதாண்டு ஆட்சியின் முன்னால் தன் கைவலியைச் சொன்ன அந்தத் துணிச்சலை மிகவும் மதிக்கிறேன்.

குவைத்தில் பணிபுரிபவர்: உடன் வேலை செய்யும் சிரியா நண்பர்கள் பழைய ஜப்பானியக் கார்ட்டூன் படங்களை அனுப்பிச் சிரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பதில்: அந்தக் கார்ட்டூன்கள் பெரும்பாலும் ஃபுஸ்ஹாவில் டப்பிங் செய்யப்பட்டவை. மொராக்கோவின் பேச்சு வழக்கு சிரியாவில் எளிதில் புரியாது. எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது ஏட்டு மொழிதான். அதனால் கிரெண்டைசர் போன்ற தொடர்களின் வீரர்கள் இலக்கண சுத்தமாகச் சூளுரைத்தார்கள். அந்த வீரன் படத்தின் மேல், அதே கம்பீர நடையில், "இம்மாத ஊதியம் இன்னும் வந்து சேரவில்லை" என்று எழுதிப் பாருங்கள். உங்கள் நண்பர்களுக்குச் சிறுவயதில் கேட்ட குரலும் சேர்ந்தே ஒலிக்கும்.

மதுரை வாசகி: நமக்கு வடிவேலு. அவர்களுக்கு?

பதில்: ஆதில் இமாம். எகிப்தியப் படங்கள் அரபு நாடெங்கும் ஓடியதால் அவர் முகபாவம் பாக்தாதிலும் செல்லும்.

சென்னை மாணவர்: சொல்லே தேவைப்படாத படம் உண்டா?

பதில்: 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் சிக்கியபோது வந்த படம். 400 மீட்டர் கப்பல். அதன் மூக்கருகே மண்ணைத் தோண்டும் ஒற்றைப் பொக்லைன். உலகமே அதை எடுத்துக்கொண்டு, கப்பல் மேல் தன் கவலைகளையும் பொக்லைன் மேல் தன் முயற்சிகளையும் எழுதியது.

கோவை வாசகர்: அரபு கற்கத் தொடங்கியிருக்கிறேன். மீம் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: திசையை. இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வலப்பக்கக் கட்டத்தை முதலில் படியுங்கள். இடப்பக்கம் தொடங்கினால் முடிவுதான் முதலில் கிடைக்கும். பின்னூட்டங்களில் 'ஹ' ஒலிக்கான எழுத்து வரிசையாக நீண்டு கிடந்தால், அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள்.