'டர்ன் எ பிளைண்ட் ஐ': ஓர் ஆங்கிலத் தொடர் குறித்த கேள்வி பதில்

கேள்வி: 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பதற்குக் 'கவனிக்கத் தவறுதல்' என்று எழுதினேன்; ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன் ஐயா?

பதில்: அவர் திருத்தியது சரியே. கவனிக்கத் தவறியவருக்கு நடந்தது தெரியாது. இத்தொடர் சுட்டுகிறவரோ நடப்பதை நன்கு அறிந்தவர், தடுக்கும் பொறுப்பும் பெரும்பாலும் உடையவர், ஆயினும் அறியாதவர்போல் இருந்துவிடுகிறவர். 'கண்டும் காணாமல் இருத்தல்' என்னும் நம் வழக்கில் 'கண்டும்' என்பதிலுள்ள உம்மையே இப்பொருளை முழுமையாகத் தாங்குகிறது. அப்படியிருக்கச் சிலர் 'குருட்டுக் கண்ணைத் திருப்பினார்' என்று மொழிபெயர்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: இதற்கும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 1794இல் கோர்சிகாத் தீவின் கால்வி முற்றுகையில் காயமுற்று, அவர் வலக்கண்ணின் பார்வையை இழந்தார். 1801 ஏப்ரல் 2 அன்று கோபன்ஹேகனில் டேனிஷ் படையுடன் நடந்த போர் கடுமையானபோது, தலைமைத் தளபதி சர் ஹைட் பார்க்கர், போரை நிறுத்துமாறு கொடியேற்றி அறிவித்தார். 'எலிஃபென்ட்' கப்பலில் இருந்த நெல்சன், தமக்கு ஒரு கண்தான் என்பதால் சில வேளைகளில் பார்வையற்றவராக இருக்க உரிமை உண்டு என்று கேப்டன் ஃபோலியிடம் கூறி, தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்து, கொடி தெரியவில்லை என்றாராம்; போரைத் தொடர்ந்து வெற்றியும் பெற்றார். 1813இல் ராபர்ட் சதே எழுதிய நெல்சன் வரலாறு இக்கதையைப் பரவலாக்கியது. கொடி ஏறியதை அறிந்த பிறகே அவர் தொலைநோக்கியை எடுத்தார் என்பதை நினைவில் வையுங்கள். தொடரின் பொருள் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

கேள்வி: பலரைக் குறிக்கும்போது 'ஐஸ்' என்று பன்மையாக்கலாமா?

பதில்: கூடாது. எத்தனை பேரானாலும் 'எ பிளைண்ட் ஐ' என்றே வரும். எதைக் காணாததுபோல் இருந்தார்களோ அதற்கு முன் 'டு' சேர்க்க வேண்டும்.

கேள்வி: இது எப்போதும் பழிச்சொல்தானா?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான், விதிமீறலுக்கு அதிகாரி உடந்தையாக இருப்பதையே செய்தித்தாள்கள் இவ்வாறு எழுதுகின்றன. ஆனால் பேரன் இன்னொரு முறுக்கு எடுப்பதைப் பாட்டி கண்டுகொள்ளாமல் விடும்போது இதே தொடர் பரிவைக் காட்டும். பார்வைக் குறையைப் பொறுப்பின்மைக்கு உவமையாக்குவது புண்படுத்தும் என்று கருதி இத்தொடரைத் தவிர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் 'இக்னோர்' என்று நேராக எழுதுகிறார்கள். 'கண்டும் காணாமல்' என்னும் நம் தொடரில் அந்தச் சிக்கல் இல்லை.