பெயரை மறைத்தவரின் கையெழுத்தை எப்படி நம்புவது?

கேள்வி: ‘கால்குலஸ் மேட் ஈஸி’ என்ற நுண்கணித நூலின் 1910 முதல் பதிப்பு, எழுதியவரின் கையெழுத்துடன் விற்பனைக்கு வந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா? அதை எழுதியவர் உண்மையிலேயே வாத்தியார் வேலை பார்த்தவரா?

கையெழுத்து எந்தப் பக்கத்தில், என்ன பெயரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். விலை பேசுவதெல்லாம் அப்புறம்.

அந்தப் புத்தகம் வெளிவந்தபோது அதில் ஆசிரியர் பெயரே கிடையாது. ‘எஃப்.ஆர்.எஸ்.’ என்று மட்டும் போட்டிருந்தது. பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் யாரோ எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். சில்வேனஸ் தாம்சன்தான் அவர் என்பது 1916 ஜூனில் அவர் இறந்த பிறகே வெளியே வந்தது. உயிரோடு இருந்தவரை மூடி வைத்த பெயரைக் கண்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருப்பாரா? நெருங்கியவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் யாருக்குக் கொடுத்தார் என்பதும் அங்கே இருக்க வேண்டும். வெறும் பெயர் மட்டும் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவர் வாழ்நாள் முழுக்க வாத்தியார். 1851இல் யார்க் நகரில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். தான் படித்த பூத்தம் பள்ளியிலேயே அறிவியல் ஆசிரியர் ஆனார். 1876இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளர், 1878இல் இயற்பியல் பேராசிரியர். 1885இல் லண்டன் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வராகப் போனவர், சாகும்வரை அங்கேயே இருந்தார். 1896 கிறிஸ்துமஸுக்கு ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக ஒளியைப் பற்றிச் சொற்பொழிவுத் தொடர் நடத்தினார். எக்ஸ்-கதிர் கண்டுபிடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டார்.

இதில் ஃபின்ஸ்பரிதான் முக்கியம். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர்களுக்கும் இடம் கொடுத்த கல்லூரி அது. டைனமோவைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆளுக்கு நுண்கணிதம் தேவைப்படும், எல்லைக் கோட்பாட்டை (ஓர் அளவு எதை நெருங்கிக்கொண்டே போகிறது என்று கறாராகச் சொல்லும் கணிதம்) முழுசாகக் கற்றுவிட்டு வா என்றால் அவன் நாளைக்கு வகுப்புக்கே வரமாட்டான். தாம்சன் நேராக விஷயத்துக்குப் போகிறார்: dx என்றால் x-இன் ஒரு துளி. பக்கம் x உள்ள சதுரத்தின் இரண்டு பக்கங்களை அந்தத் துளி அளவுக்கு நீட்டுங்கள். ஓரத்தில் இரண்டு பட்டைகள் கூடும், ஒவ்வொன்றும் x·dx. மூலையில் குட்டிச் சதுரம் ஒன்று, (dx)². துளி x-இல் நூறில் ஒரு பங்கு என்றால் மூலைச் சதுரம் பெரிய சதுரத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதை விட்டுத்தள்ளு, மிச்சம் 2x·dx. x²-இன் வகைக்கெழு, அதாவது x மாறும்போது x² மாறும் வீதம், 2x என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த 2 எங்கிருந்து வந்தது என்று விளங்கியது.

சுத்தக் கணிதக்காரர்களுக்கு இது கசக்கும் என்று அவருக்கே தெரியும். இது படுமோசமான புத்தகம் என்று அவர்கள் எல்லோரும் சேர்ந்து திட்டப்போகிறார்கள் என்று முடிவுரையில் அவரே எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு சுலபம் என்று காட்டிவிட்டதுதான் தன் முதல் குற்றமாம். பெயரை ஏன் போடவில்லை என்பதற்கு எனக்கு இதுவே போதுமான காரணமாகப் படுகிறது.

சரி, உங்கள் பிரதி. இரண்டாம் பதிப்பு 1914, மூன்றாவது 1946. 1916க்குப் பிறகு அச்சான எதிலும் அவர் கையெழுத்து இருக்க வழியில்லை, ஆகவே அச்சிட்ட ஆண்டை முதலில் பாருங்கள். முன்பக்க வெற்றுத்தாளில் உள்ள பெயர் பெரும்பாலும் பழைய உரிமையாளருடையது. விற்பவர் அதைத்தான் ஆசிரியருடையது என்று சொல்கிறாரோ என்னவோ. ‘ஆசிரியரின் அன்பளிப்பு’ என்ற வரியைக்கூடப் பதிப்பகக் குமாஸ்தாக்கள் எழுதி அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பேனா மை தாளின் நாருக்குள் ஊறி, அழுத்திய இடத்தில் அடர்ந்தும் இழுத்த இடத்தில் வெளிறியும் இருக்கும். அச்சுக் கையெழுத்தில் அந்த ஏற்ற இறக்கம் வராது. தாம்சன் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றின் படத்தோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அவர் கையெழுத்துதான் வேண்டும் என்றால் வேறு வழியும் உண்டு. அதே 1910இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு தொகுதிகளாகச் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். டைனமோ இயந்திரங்கள் பற்றிய நூலும் அவர் பெயரில்தான் வந்தது. அவற்றில் கையெழுத்து இருந்தால் நம்புவதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.