கிழக்குக் கரையில் உட்கார்ந்து மேற்குக் கரை ஜாஸ்: கேள்வி பதில்

போன மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பேர் உட்கார்ந்து பழைய ஜாஸ் தட்டுகள் கேட்டோம். எல்லாம் 1950களில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சின்னக் கம்பெனிகள் போட்டவை. வெஸ்ட் கோஸ்ட் ஜாஸ், கூல் ஜாஸ் என்பார்கள். அன்றைக்குக் கேட்ட கேள்விகள், பிறகு எழுதிக் கேட்டவை எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்துப் பதில்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் ஆசிரியர்: ஜாஸ் என்றாலே காதைப் பிளக்கும் என்று நினைத்திருந்தேன் சார். நீங்கள் முதலில் போட்டது அவ்வளவு நிதானமாக இருந்தது. அது என்ன?

ஜெர்ரி மல்லிகன் குவார்டெட், 1952. பாரிடோன் சாக்ஸபோன், டிரம்பெட், பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். பியானோ கிடையாது. 'தி ஹேக்' என்ற சின்ன கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த நல்ல பியானோவை அப்புறப்படுத்திவிட்டு ஒரு குட்டிப் பியானோவைத் தருகிறேன் என்றார்களாம். மல்லிகன் அதற்குப் பியானோவே வேண்டாம் என்றுவிட்டாராம். அப்படித்தான் கதை சொல்வார்கள். பியானோ போனதும் நடுவில் இடம் கிடைத்தது. அந்த இடத்தில்தான் மல்லிகனும் டிரம்பெட் வாசித்த செட் பேக்கரும் உலாவுகிறார்கள்.

நம் கச்சேரியில் வயலின் பாடகரை நிழல் மாதிரி தொடரும். இங்கே அப்படி இல்லை. ஒருவர் ஒரு மெட்டில் போகும்போதே மற்றவர் வேறொன்றைக் கீழே ஓட்டுகிறார், இரண்டும் மோதுவதில்லை. இளையராஜா பாட்டில் பின்னணி வயலின்கள் தனி வழியில் போவதைக் கவனித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் காது போதும். இந்தக் குழுவின் இசைத்தட்டோடுதான் 'பசிபிக் ஜாஸ்' கம்பெனியே பிறந்தது. தொடங்கியவர்கள் ரிச்சர்ட் பாக், டிரம்மர் ராய் ஹார்ட் என்ற இருவர்.

கல்லூரி மாணவி: அண்ணா, எனக்குத் தெரிந்தது டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' மட்டும்தான். அதிலிருந்து தொடங்கலாமா?

தாராளமாக. ஆனால் அது 1959இல் கொலம்பியா என்ற பெரிய கம்பெனி போட்டது. அதற்கு முன்பு அவர் சான் பிரான்சிஸ்கோவின் 'ஃபேண்டஸி'யில் இருந்தார். தட்டு அச்சடிக்கும் தொழிலில் இருந்த வைஸ் சகோதரர்கள் 1949இல் தொடங்கியது அது. கண்ணாடி மாதிரி சிவப்புத் தட்டுகள் போடுவார்கள். பார்க்கவே ஜவ்வுமிட்டாய் போல இருக்கும். அங்கே வந்த 'ஜாஸ் அட் ஓபர்லின்' (1953) கேளுங்கள். கல்லூரி மேடையில் பதிவானது, புரூபெக் முரட்டுத்தனமாகப் பியானோவை அடிப்பார், பால் டெஸ்மண்டின் சாக்ஸ் அதன்மேல் மிதக்கும். எனக்கு 'டைம் அவுட்'டைவிட இதுதான் பிடிக்கும்.

இன்னொன்று: 'டைம் அவுட்'டில் வரும் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கைதானே என்று நம் கண்ட சாபு தாளம் போட்டுப் பார்த்தால் கை தடுமாறும். நம்முடையது 2+3, அவர்களுடையது 3+2.

கடலூர் முதுநகர் வாசகர்: தேடினால் அதே நாலு பேர்தான் வருகிறார்கள். புதிதாக எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டையின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் இருப்பவர் நட்சத்திரம். பின்னால் பொடி எழுத்தில் இருப்பவர்கள்தான் உங்களுக்கு வழிகாட்டி. டிரம்மர் ஷெல்லி மேனைப் பிடித்தேன் என்று வையுங்கள். 'கான்டெம்பரரி' கம்பெனியில் அவரே தலைமை ஏற்று, ஒரு மேடை நாடகத்தின் பாடல்களை மட்டும் வைத்து 'மை ஃபேர் லேடி' (1956) போட்டார், சக்கைப்போடு போட்டது. அதில் பாஸ் வாசித்தவர் லிராய் வினகர். வினகரைத் தேடினால் அவருடைய 'லிராய் வாக்ஸ்!' வரும். ஷெல்லி மேனையே இன்னொரு பக்கம் தொடர்ந்தால் சாக்ஸபோன்காரர் சன்னி ராலின்ஸின் 'வே அவுட் வெஸ்ட்' (1957), அதிலும் பியானோ கிடையாது. இப்படி ஒரு ராத்திரியில் ஐந்து ஆல்பம் போய்விடலாம்.

ஒலிப்பதிவாளரையும் தொடருங்கள். கான்டெம்பரரியின் உரிமையாளர் லெஸ்டர் கோனிக், பதிவாளர் ராய் டுனான். ஸ்டுடியோ என்பது தட்டுகளைக் கட்டி அனுப்பும் கிடங்கு அறை! பதிவு இல்லாத நேரத்தில் அங்கே அட்டைப்பெட்டிகள்தான் கிடக்கும். அந்த அறையில் பதிவானதை இன்றைக்கும் ஒலிப் பைத்தியங்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 'ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்ஷன்' (1957) அப்படி வந்ததுதான். பதிவு இருப்பதே அன்று காலைதான் தனக்குத் தெரியும், சாக்ஸில் கார்க் பிய்ந்துபோய் டேப் ஒட்டி வாசித்தேன் என்று பெப்பர் பின்னாளில் சொன்னார். கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

இன்றைய ஆட்களுக்கு, இணையத்தில் இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப். முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டு வாங்கலாம்; டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம்தான் எடுக்கிறது, மீதியில் பெரும்பங்கு கலைஞருக்கோ அவருடைய சின்னக் கம்பெனிக்கோ போகிறது. 'கூல் ஜாஸ்' என்று தேடுவதோடு நிற்காதீர்கள். பிடித்த ஆல்பத்தின் கீழே அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் அவருடைய மொத்தச் சேகரிப்பும் திறக்கும். முகம் தெரியாத யாரோ ஒருவரின் அலமாரியைக் குடைந்து நான் கண்டெடுத்தவைதான் அதிகம். பழையதை மறுபதிப்பாகத் தேடுபவர்களுக்கு பார்சலோனாவின் 'ஃப்ரெஷ் சவுண்ட்' கம்பெனி இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: வெள்ளைக்காரர்கள் வாசித்த மென்மையான ஜாஸ் என்று இதை ஒதுக்குகிறார்களே?

பாதி நியாயம். அட்டைகளில் சூரிய வெளிச்சமும் கடற்கரையும் அழகான வெள்ளை முகங்களுமாக இருந்தன, விற்றதும் அதுதான். அதே ஊரில் சென்ட்ரல் அவென்யூவில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை. ஹாம்ப்டன் ஹாஸ் பியானோவைக் கேளுங்கள். சிகோ ஹாமில்டனின் 1955 குழுவில் செல்லோவும் புல்லாங்குழலும் உண்டு. குழல் வாசித்தவர் படி கோலெட். வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என இருந்த இசைக்கலைஞர் சங்கங்கள் 1953இல் ஒன்றானதற்கு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் குழலைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது, எனக்காவது.

தேவனாம்பட்டினம் தம்பி: கடற்கரையிலேயே வாசிப்பார்களாமே?

ஹெர்மோசா பீச்சில் 'லைட்ஹவுஸ்' கஃபே. 1949இல் ஹோவர்ட் ரம்சி ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி தொடங்கினார். மத்தியானம் ஆரம்பித்தால் நள்ளிரவு தாண்டும். ஈரத்துண்டோடு ஆட்கள் உள்ளே வருவார்களாம். சில்வர் பீச்சில் ஞாயிறு சாயங்காலக் கூட்டத்துக்கு நடுவே ஒரு சாக்ஸபோனை நினைத்துப் பார், சுண்டல்காரர் தாளம் போடுவார்.

ஒரு வீணை ஆசிரியை: நம் இசையோடு இவர்களுக்குத் தொடர்பு உண்டா?

உண்டம்மா. பசிபிக் ஜாஸ் பிறகு 'வேர்ல்ட் பசிபிக்' ஆனது. அதே ரிச்சர்ட் பாக்தான் ரவிசங்கரின் ஆல்பங்களை அமெரிக்காவில் வெளியிட்டார். 1962இல் வந்த 'இம்ப்ரொவைசேஷன்ஸ்'ஸில் 'பதேர் பாஞ்சாலி' இசையை எடுத்துக்கொண்டு ரவிசங்கரும் வெஸ்ட் கோஸ்ட்காரரான பட் ஷாங்க் புல்லாங்குழலும் சேர்ந்து போகிறார்கள். இந்த வகையில் பின்னால் வந்த பல கலவைகளைவிட அடக்கமானது.

ஒயிட் டவுன் வாசகர்: பீச் ரோட்டுப் பக்கம் வீடு. தட்டுகள் வாங்கினால் தாங்குமா?

தட்டு தாங்கும், அட்டைதான் பூஞ்சை பிடிக்கும். நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். உப்புக்காற்றில் பிளேயரின் இணைப்பு முனைகள் கறுத்துப்போகும், அவ்வப்போது துடைக்க வேண்டும். வெயில் காலத்தில் தபாலில் வரவழைக்காதீர்கள். ஒரு மே மாதம் வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து எனக்கு வந்த தட்டு, அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. பணமும் திரும்பவில்லை.

அடுத்த மொட்டை மாடி எப்போது?

மழை விட்டதும். பாய் கொண்டுவாருங்கள், என்னிடம் நாற்காலி நாலுதான் இருக்கிறது.